நேராக நின்ற குழாய்கள்

மாத்தளை டவுனுக்கு முன்னால் இருக்கும் செக்பொயின்ட்டை பஸ் நெருங்கும்போதே லெட்சுமணன் நெற்றியிலிருந்த கறுப்புப் பொட்டைக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கிவிட்டான். லேசில் போகவில்லை. எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்த பிறகுதான் போயிற்று. அடையாள அட்டையில் பேரும் ஊரும் அப்படியேதான் இருந்தன. இருந்தாலும் சண்டை நடக்கும் 2008-இல் பஸ்ஸில் போகும் தமிழன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா?

காலையில் தூக்கக் கலக்கத்தில் நின்றவனுக்கு அம்மா நல்லம்மா வைத்துவிட்ட பொட்டு அது. மகன் நல்லபடியாகக் கொழும்பு போய்ச் சேரவேண்டுமே என்ற பயம் அவளுக்கு.

எல்லோரையும் இறக்கினார்கள். பையைத் துழாவிய சிப்பாயின் கையில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது.

"தொறக்காதீங்க சேர். விரல் பட்டாலே போச்சு," என்றான் லெட்சுமணன் சிங்களத்தில்.

ஒன்றைத் திறக்க வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சிப்பாய் டப்பாவை மணல் மூட்டைமேல் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் விசில் ஊதினான். அதிகாரி வந்தார். கூடவே தமிழ் தெரிந்த பொலிஸ் சார்ஜன் பலீல் வந்தார்.

டப்பாவுக்குள் இருந்தது நகம் அளவு தகடு. அதன்மேல் லெட்சுமணனின் எட்டு மாதம். கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்களை உலையில் வளர்ப்பதுதான் கம்பஸில் அவன் ஆராய்ச்சி. சூடு கூடினால் சுருண்டன, குறைந்தால் முளைக்கவே இல்லை. இதற்கு வேண்டிய வாயு சிலிண்டருக்குப் பாதுகாப்பு அமைச்சிடம் அனுமதி கேட்டுக் கடிதம் போட்டான். கடிதத்தின் அடியில் இருந்த பேரைப் பார்த்தார்களோ என்னவோ, பதிலே இல்லை. கடைசியில் கற்பூரத்தை ஆவியாக்கித்தான் வளர்த்தான். போன வாரம் முதல்முறையாக எல்லாம் ஒரே உயரத்தில், நாற்று மாதிரி நேராக நின்றன. இன்று இரண்டு மணிக்குக் கொழும்பில் எலக்ட்ரோன் நுணுக்குக்காட்டியில் படம் எடுக்கவேண்டும். படம் இருந்தால் புலமைப்பரிசில் தொடரும். இல்லாவிட்டால் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டமே கதி.

தகட்டைக் கம்பஸ் பக்கத்துப் போர்டிங் அறையில் வைத்தால் சோதனைக்கு வரும் ஆமிக்காரர்கள் விரலை வைத்துவிடுவார்கள். முந்திய தகடு அப்படித்தான் போனது. அதனால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், யாரும் கைவைக்காத ஒரே இடம் சாமிப் பலகை. அங்கே திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். என்னவென்று கேட்ட அம்மாவிடம், கற்பூரத்தில் எடுத்தது, விலை மதிக்க முடியாதது என்றான். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"உள்ளுக்கு என்ன தம்பி?" என்றார் பலீல்.

"குழாய் சேர்."

"எத்தன?"

"கோடிக்கணக்குல இருக்கும்."

பலீல் நேர்மையான மனிதர். அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் மாறியது. பயப்பட ஒன்றுமில்லை, இரும்புத்தூளை விதையாகப் போட்டு வளர்த்ததுதான் என்று லெட்சுமணன் சமாதானம் சொன்னான். எந்த இடத்தில் வளர்க்கிறீர்கள், எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டார். எஃகைவிட உறுதியானது, நாட்டுக்கே பெருமை என்றும் சொல்லிப் பார்த்தான். எந்த நாட்டுக்கு என்றார் அதிகாரி.

பிறகு டப்பாவைத் திறந்தார்கள். தகடு வெள்ளி மாதிரிப் பளபளத்தது. ஒரு ஓரத்தில் மட்டும் இழுத்த கறுப்புக் கோடு.

"இதுல ஒண்ணும் இல்லியே," என்றார் பலீல்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் எட்டு மாத உழைப்பு அவனை விடவில்லை.

"இருந்திச்சு சேர். நேத்துகூடத் தகடு கரேல்னு இருந்திச்சு, நானே பாத்தேன். கோடிக்கணக்குல இருந்திச்சு!"

அப்படியானால் அவற்றை யாரிடம் கொடுத்தாய் என்று விசாரணை புதிதாகத் தொடங்கியது. பஸ் போய்விட்டது. கொழும்பும் போய்விட்டது. லெட்சுமணன் வெயிலில் குந்தியிருந்து, அதே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த நாட்டில் நேராக நிற்கும் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்று மனதுக்குள் சபித்தான். போர்டிங்கில் வந்தவர்கள், இங்கே நிற்பவர்கள் என்று ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை.

டப்பா எங்கிருந்து வந்தது என்று உறுதிப்படுத்த, பலீல் அவன் வீட்டுக்குப் போன் போட்டார். நல்லம்மா நெடுநேரம் பேசினாள். "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று லெட்சுமணனின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதிகாரி என்னவென்று கேட்டதற்கு அவர் மொழிபெயர்க்கவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு, தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"சாமிப் பலகையில டப்பாவுல இருந்த கற்பூர மைய, வழியில ஒனக்கு ஒண்ணும் ஆகப்படாதுன்னு, மிச்சம் வைக்காம வழிச்சு ஒன் நெத்தியில வச்சு அனுப்பினாங்களாம். எங்க தம்பி, நெத்தியக் காட்டு."