மைட்டோகாண்ட்ரியாக்காரரின் பத்தே நிமிஷம்

உங்கள் தெருவில் இல்லாவிட்டாலும் அடுத்த தெருவிலாவது ஒருவர் இருப்பார்: மைட்டோகாண்ட்ரியாக்காரர். உயிரணுவுக்குள் உட்கார்ந்து உடம்புக்குச் சக்தி தயாரிக்கும் அந்தத் துளியூண்டு சமாச்சாரத்தை இருபத்திரண்டு வருஷமாக ஆராய்கிறவர். சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கெல்லாம் விளக்குவார். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மூச்சு வாங்குவது நான்தான் ஐயா.

இந்த இனத்தை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். "சௌக்கியமா?" என்று கேட்டால் "கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்பார்; சோதனைக் குழாய் மூடிகளில் 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'நிஜமாவே புதுசு' என்று எழுதி ஐஸில் அடுக்கிவிட்டு எது எதுவென்று தெரியாமல் திருதிருவென விழிப்பார்; யார் கூப்பிட்டாலும், "இதோ, பத்தே நிமிஷம்" என்பார். பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியா சில மணி நேரம்தான் தாங்குமாம். பெண்டாட்டி பிள்ளை? அவர்கள் கெட்டா போய்விடுவார்கள்!

போன வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மகளுக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பே மைட்டோகாண்ட்ரியா. "அப்பா, முன்வரிசையில உக்காரணும். நீங்க இருந்தாதான் எனக்குப் பயம் வராது" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மூன்றரைக்கு ஆய்வகத்தில், மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுக்கக் குழாய்களைச் சுழல் இயந்திரத்தில் போட்டேன். பத்தே நிமிஷம். எதிரெதிர்க் குழாய்களின் எடையைச் சமமாக்க மறந்திருந்தேன். இயந்திரம் கடகடவென்று ஆடி நின்றது. இன்னொரு பத்து. அப்புறம் இன்னும் நாலைந்து. கடைசியில் ஐஸ் வாளியும் கையுமாக ஓடினேன். பள்ளி வாசலில் காவலாளி, "ஐஸ்கிரீமெல்லாம் உள்ள விடமாட்டோம் சார்" என்று மறித்தார். இது மைட்டோகாண்ட்ரியா என்று விளக்கினேன். விளக்காமல் இருக்க முடியுமா என்னால்? அதற்கொரு பத்து நிமிஷம்.

உள்ளே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் மேடைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ளைக்கு மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்டேருந்துதான் வரும், அப்பாகிட்டேருந்து வராதுன்னு சொல்ற இடத்துல காலி நாற்காலியைப் பாத்துட்டேன்பா. மிச்சமெல்லாம் மறந்துபோச்சு."

வீட்டுக்கு வந்ததும் அவள் அறை வாசலில் நின்று, "தப்புதான் கண்ணு. வா, எங்கயாவது வெளியில போயிட்டு வரலாம்" என்றேன்.

புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் பதில் வந்தது: "இதோ, பத்தே நிமிஷம்."

அப்பாவிடமிருந்து எதுவும் வராது என்று எந்த மடையன் சொன்னான்?

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, என்ன பதில் சொன்னீர்கள்?