எல்லாரும் நல்லவர்களாகிப்போன சனிக்கிழமை

முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் மனிதர்களைப் பற்றி எல்லாமே தெரிந்துவிட்டதாகத் தோன்றும். பெரும்பாலும் அது மனிதர்களைச் சந்திப்பதற்கு முந்தைய கட்டம். நான் அந்தக் கட்டத்தில் ரொம்ப நாள் குடியிருந்தேன்.

பல இனத்தவர் சேர்ந்து வாழும் இடங்களில் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டால் எல்லாருமே மகான் மாதிரி பதில் சொல்வார்கள். அதனால் விளையாட வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பிடி சிவப்பு வில்லைகள். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாதபடி நடுவில் அட்டைத் தடுப்பு. வில்லைகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம், இல்லை பொதுப்பெட்டியில் போடலாம். பெட்டியில் விழுவதை நான் இரண்டு மடங்காக்கி எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பேன், போடாதவருக்கும் சேர்த்து. எல்லாரும் போட்டால் எல்லாருக்கும் லாபம். ஒருவர் மட்டும் கமுக்கமாகப் போடாமல் இருந்தால் அவருக்கு இன்னும் லாபம். இப்படிச் சில சுற்றுகள் ஆடி முடித்ததும் வில்லைகளைக் கொடுத்துப் பரிசு வாங்கிக்கொள்ளலாம்.

பரிசு, டுரியான். முள்தோல் போர்த்திய, வாடை ஊரைத் தூக்கும் பழம். (டுரியான் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துகூட எழுந்து வருவார்கள் என்று கணித்தேன். அன்றைக்குப் பலித்த ஒரே கணிப்பு அதுதான்.)

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமூக மண்டபம். கிள்ளானில் லோரி ஓட்டும் அப்பாதான் பழங்களை ஏற்றி வந்தார். இறக்கிவிட்டு, குவியலையும் நாற்காலி வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போதுமாம்மா?"

"ப்பா, மொதல்ல கொஞ்சம் போடுவாங்க. அப்புறம் அடுத்தவன் போடலையேன்னு இவங்களும் நிறுத்திருவாங்க. உலகம் முழுக்க அப்படித்தான். அத வெச்சுத்தான் பழம் வாங்கியிருக்கேன். மிஞ்சும் பாருங்க."

"மிஞ்சினா வீட்டுக்குக் கொண்டா லா," என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டார்.

என் பேராசிரியை வந்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர், புடவை மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. இந்தச் சோதனை ஒழுங்காக நடந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு அனுமதி தருவார். டுரியான் வாடை அவருக்கு அறவே ஆகாது. மூக்கில் கைக்குட்டையோடு கதவோரம் உட்கார்ந்து, "மாலினி, ஸ்டார்ட்," என்றார்.

மூன்று மொழியிலும் முழங்கினேன். பேசக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, கை காட்டக்கூடாது.

முதல் சுற்று பாடப்புத்தகம் மாதிரி நடந்தது. பாதிப் பேர் போட்டார்கள், பாதிப் பேர் பதுக்கினார்கள். பெட்டியில் எவ்வளவு விழுந்தது என்று அறிவித்தேன்.

அப்போதுதான் கமலா ஆன்டி இருமினார்.

கமலா ஆன்டி அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறவர். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் அவர் வேனில் அதட்டப்பட்டு வளர்ந்தவர்கள். குவியலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "க்ஹும்" என்றார். அந்தக் கோடியிலிருந்து மக்சிக் ரொஹானி "ஹ்ஹும்" என்றார். (மக்சிக் என்றால் மலாயில் ஆன்டி.) மண்டபமே மழைக்காலத்து கிளினிக் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் பெட்டி பொங்கியது.

"ஆன்டி, பேசக்கூடாதுன்னு சொன்னேனே!"

"எங்க பேசினேன்? இருமினேன். இருமக்கூடாதுன்னு நீ சொல்லல, கண்ணு."

வோங் அங்கிள் மட்டும் தன் வில்லைகளைக் கைக்குள் வைத்திருந்தார். எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ, நாலா பக்கமும் இருமல். மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தனையையும் பெட்டியில் கொட்டினார்.

கணினியில் என் வரைபடம் சறுக்குமரம் மாதிரி இறங்கியிருக்க வேண்டும். அது தென்னைமரம் மாதிரி ஏறி நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருமலால் வந்தது என்பதெல்லாம் மறந்தே போனது. புதுக் கண்டுபிடிப்பு! மாநாடு! விருது! மேடையில் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் டுரியான் குவியல் கண்ணில் பட்டது.

அது வளரவில்லை.

ஆட்டம் முடிந்து பரிசு கொடுத்தபோது முன்வரிசை பழத்தோடு போனது. நடுவரிசை வருவதற்குள் தரையில் காம்புகள்தான் கிடந்தன. ஒருவர்கூட இருமவில்லை.

"பழம் எங்க?" என்றார் கமலா ஆன்டி.

"ஆன்டி... நீங்க எல்லாரும் இவ்ளோ நல்லவங்களா இருப்பீங்கன்னு நான் நெனைக்கல."

பதற்றத்தில் அதையே மலாயிலும் மொழிபெயர்த்துத் தொலைத்தேன். மக்சிக் ரொஹானி இடுப்பில் கை வைத்தார். "அப்போ எங்களை என்னன்னு நினைச்சே?"

பேராசிரியை எழுந்தார். "மாலினி, காரில் ஏறு."

"நாங்களும் வரோம்," என்றார் கமலா ஆன்டி. "அப்படியே ஓடிட்டீங்கன்னா?" பின்சீட்டில் எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள். டுரியான் கடை இருக்கும் சுங்கை பூலோ போகும் வழியெல்லாம், "மேடம், லெஃப்ட்ல வெட்டுங்க! அவனுக்கு வழி விடாதீங்க!" என்று ஓட்டுநர் பயிற்சி வேறு.

டுரியான் கடையில் மக்சிக் ஒவ்வொரு பழமாக முகர்ந்து ஒதுக்க, கமலா ஆன்டி விலையில் இறங்கினார். "பாஸ், இது ரிசர்ச்! கவர்மெண்ட் விஷயம்!" (அரசாங்கத்துக்கு இது தெரியாது.) பின்பெட்டி நிரம்பி, மிச்சம் எங்கள் மடியில் ஏறியது. ஒவ்வொரு மேட்டிலும் கார் குதிக்க, ஒவ்வொரு முள்ளும் எனக்குத் தனித்தனியாக அறிமுகமானது. பேராசிரியை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே ஓட்டினார்.

திரும்பி வந்தால், முதலில் வாங்கித் தின்று முடித்தவர்கள் சிலர் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். (என் கோட்பாடு முழுக்கப் பொய் இல்லை.) அவர்களில் முதல் ஆள் வோங் அங்கிள். கமலா ஆன்டி ஒரே ஒரு தடவை இருமினார். அங்கிள் விலகிக்கொண்டார்.

சோதனை செல்லாது என்று அங்கேயே தீர்ப்பு வந்தது. "இருமலை எந்த அட்டவணையில் போடுவாய்?" என்று பேராசிரியை கேட்டார். பிறகு வேறோர் இடத்தில், ஆளுக்கொரு அறை கொடுத்து, சலவைத்தூளைப் பரிசாக வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்து ஒருவழியாகப் பட்டம் வாங்கினேன். பேராசிரியையின் காரில் அந்த வாடை மட்டும் நான் பட்டம் வாங்கிய பிறகும் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் சாப்பாட்டுக் கணக்கை என்னிடம் கேட்பதில்லை. என் கல்யாணத்துக்கே கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சமையல்காரர் போனில் கூப்பிட்டு, எத்தனை பேருக்கு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணே, அவ பேச்சைக் கேக்காதீங்க. அவ டாக்டரு, மனுஷங்க மேல நம்பிக்கை இல்லாத டாக்டரு. நீங்க நூறு எலை சேர்த்தே போடுங்க."

என் மாமியார் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். இன்னும் நிறுத்தவில்லை.