ஐந்து தமிழ்ச் சொல்லும் ஒரு ரைட்டும்

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் முழுசாக வாழ்ந்து முடித்தவர் ஒருவர்தான். அவர் மலாக்காவில், எங்கள் காஜா பெராங் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் ரைட்டு. எங்களைப் போலச் சின்னவர்களுக்கு ரைட்டண்ணே.

பழைய செட்டிகளின் கிராமமான கம்போங் செட்டிக்காரர். திருநீறு பூசிக்கொண்டு மாரியம்மனிடம் மலாயில் வேண்டிக்கொள்ளும் வம்சம். தமிழில் அவரிடம் இருந்தவை ஐந்தே சொற்கள்: வா, போ, உட்காரு, சோறு, தங்கச்சி. பஸ்ஸில் ஏறுகிற எங்களுக்கோ மலாய் அரைகுறை. நடுவில் கிடந்த பள்ளத்தை அவர் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் போட்டு நிரப்பினார்.

வண்டி கிளம்ப ரைட். அதை எந்தக் கண்டக்டரும் சொல்வார். இவர் அதோடு நிற்கவில்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு ரைட். மீசை முளைத்த பிறகும் அரை டிக்கெட் கேட்பவனுக்கு நீளமாக இழுத்து ஒரு ரைட். உன் அப்பனை எனக்குத் தெரியும் என்பது வரை அதில் அடங்கியிருக்கும். சாவு வீட்டு வாசலில் தலை குனிந்து, காற்று மட்டும் வருகிற ஒரு ரைட்.

என் கல்யாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் வந்து நின்று மாப்பிள்ளையை மேலும் கீழும் அளந்தார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஒல்லி மனிதர். ரைட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரைட்?"

"ரைட், அண்ணே."

அந்தக் கல்யாணத்தில் என் சம்மதத்தைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பஸ்ஸை ஓட்டியவர் சாமிக்கண்ணு. ஒருநாள் அவசரத்தில், ரைட்டு வாயைத் திறக்கும் முன்பே வண்டியை நகர்த்திவிட்டார். ஏறிக்கொண்டிருந்த சீனத்து ஆயா படியில் தடுமாற, அவள் கூடை கவிழ்ந்து சாலை முழுக்க வாத்து. பயணிகள் அத்தனை பேரும் இறங்கி, வேட்டியும் சாரோங்கும் வரிந்துகட்டி வாத்துப் பிடித்தோம். கடைசி வாத்து ஆயாவின் மடியில் உட்கார்ந்த பிறகுதான் ரைட்டு அந்தச் சொல்லைச் சொன்னார். அன்றிலிருந்து, தலையே போனாலும், அது காதில் விழாமல் சாமிக்கண்ணு பிரேக்கிலிருந்து காலை எடுத்ததில்லை.

ஜப்பான்காரன் வந்தான். பெட்ரோல் போயிற்று, வண்டியைக் கரிப்புகையில் ஓட்ட, பஸ்ஸின் முதுகில் அடுப்பு ஏறியது. இங்கிலீஷும் போயிற்று. காவல் சாவடியில் ஒரு ரைட்டுக்காக அவருக்குக் கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது. இனி அதற்குப் பதில் ஜப்பான் பாஷையில் 'யோஷி' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

ரைட்டு படியில் ஏறி, "யோஷி" என்றார். வண்டி அசையவில்லை. மறுபடியும், "யோஷி."

"என்னாண்ணே, தும்மலா?" என்றார் சாமிக்கண்ணு முன்னாலிருந்து.

ரைட்டு நடந்து போய் அவர் காதோரம் குனிந்து ரைட் என்றார். வண்டி கிளம்பியது. அதுவே வழக்கமாயிற்று. ஊருக்குக் கேட்க ஒரு யோஷி, டிரைவர் காதுக்கு ஒரு ரைட். மடியில் கட்டிய கள்ளமார்க்கெட் அரிசி மாதிரி அந்தச் சொல்லைக் கொண்டு திரிந்தார்.

அப்புறம் அந்தக் காலை வந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் பக்கத்திலிருந்து போனவன் எவனும் அதுவரை திரும்பியதில்லை. அரிசி வரிசையில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தோம். இரண்டு பக்கமிருந்தும் சிப்பாய்கள் வந்து வாலிபர்களைப் பிரித்து, எங்கள் பஸ்ஸிலேயே ஏற்றினார்கள். என் வீட்டுக்காரரையும்.

ஆஸ்பத்திரியில் வேலை, கடிதம் இருக்கிறது என்று மலாயில் சொன்னார். சிப்பாய் கையை நீட்டினான். பைக்குள் கை விட்டவர் வெறுங்கையை எடுத்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"வெள்ளச் சட்டையில விட்டுட்டேன். கொடியில கெடக்கு."

படியில் நின்ற ரைட்டு என்னைப் பார்த்து, "தங்கச்சி, போ" என்றார். விரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் தாடையை நீட்டினார். "போ, போ."

ஓடினேன்.

அதற்குப் பின் நடந்ததைச் சாமிக்கண்ணு சொல்லித் தெரியும். ரைட்டு நெஞ்சை நிமிர்த்தி, உத்தரவுப்படியே "யோஷி" என்றாராம். வண்டி நகரவில்லை. சிப்பாய் முன்னால் வந்து கத்தினான். சாமிக்கண்ணு இறங்கி இடுப்பு வரை வளைந்து கும்பிட்டு, அடுப்பு இன்னும் சூடாகவில்லை என்று விசிறத் தொடங்கினார். படியிலிருந்து மறுபடியும் யோஷி.

"பத்து யோஷி எண்ணினேன்மா," என்றார் சாமிக்கண்ணு. "நாலாவதுக்கே அவன் அறைய ஆரம்பிச்சிட்டான். அண்ணனுக்கு வாயோரம் ரத்தம். யோஷி பெரிசாத்தான் வருது, காதோரம் மத்தது வரல. வராட்டி நான் எப்படி வண்டிய எடுப்பேன்?"

கடிதத்தைச் சட்டையோடு கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து சேர்ந்தேன். சிப்பாய் கடிதத்தின் சிவப்பு முத்திரையை முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு என் வீட்டுக்காரரின் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளினான். அத்தனை அழகான தள்ளலை நான் அதன் பிறகு பார்த்ததில்லை.

ஆனால் பஸ் காலியாகிவிடவில்லை. மற்றவர்களுக்குக் கடிதம் இல்லை. ரைட்டு வீங்கிய முகத்தோடு ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டே போனார். நின்றுகொண்டிருந்த ஒருவனின் தோளைத் தொட்டு, "உட்காரு" என்றார். பிறகு சாமிக்கண்ணுவின் காதோரம் குனிந்தார். அந்த ரைட் எனக்குக் கேட்கவில்லை. பஸ் நகர்ந்ததைத்தான் பார்த்தேன். அது எப்படி இருந்தது என்று சாமிக்கண்ணுவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதை மட்டும் அவர் சொன்னதேயில்லை.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்தது, இங்கிலீஷ் வந்தது. அந்தப் பஸ்ஸில் போனவர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள். ரைட்டு மறுபடியும் படியில் நின்றார், ஆனால் அந்தச் சொல்லை உரக்கச் சொல்வதை விட்டுவிட்டார். பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். சாமிக்கண்ணுவின் கால் அதற்குப் பழகிக்கொண்டது.

நான் பிள்ளையும் கூடையுமாக ஏறும் நாட்களில் மட்டும் தகரம் காத்திருக்கும்.

"தங்கச்சி, உட்காரு."

உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்வேன். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ரைட்?" என்பார்.

"ரைட், அண்ணே."

அப்புறம்தான் இரண்டு தட்டு.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது பஸ்ஸில் மணி அடிக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் பதிலை மட்டும் வாய்க்குள் சொல்லிவிடுகிறேன்.