மூன்றாவது மேடு

வரைபடத்தில் மறுபடியும் ஒரு மேடு வந்து உட்கார்ந்திருந்தது. ஆராய்ச்சியாளருக்குச் சந்தோஷம் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமா கதிர் கிளம்பும், வரைபடத்தில் மேடு தெரியும் என்பது நம்பிக்கை. அந்த மேட்டைத்தான் பதினோரு வருடமாகத் தேடுகிறார். ஆனால் தேடுகிறவர்கள் தூங்கி வழியாமல் இருக்க, தரவுப் பிரிவில் ஒரு பெண் அவ்வப்போது பொய் சிக்னலைக் கலந்துவிடுவார். நிறுவனத்தின் வழக்கம் அது. எதைக் கலந்தார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அறிக்கை அனுப்பும்வரை தேடுகிறவர்கள் அவர் அறைப்பக்கம் தலைகாட்டக் கூடாது. அனுப்பிய அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவும் முடியாது.

ஏற்கெனவே இரண்டு முறை கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளிக் குதித்து, இரண்டு முறையும் அது கலந்துவிட்ட பொய் என்று தெரிந்து அசடு வழிந்தவர் நம் ஆள். இந்தத் தடவை மேட்டைக் கரைத்தே தீருவது என்று உட்கார்ந்தார். துடிக்கும் விண்மீன்களின் கதிரைக் கழித்தார். மேடு இன்னும் நிமிர்ந்தது. கருவியின் பிழையைக் கழித்தார். ஊசி மாதிரி கூர்மையானது. எரிச்சலில், பழைய கோட்பாட்டில் இல்லாத புதுத் துகள் ஒன்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தித் தொலைத்தது.

"இவ்வளவு கச்சிதமா இருந்தா அது நிஜமாவா இருக்கும்?" என்றார் வீட்டில்.

"என்னைக் கட்டிக்கும்போதும் இப்படித்தான் யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி. "இந்த மாசத்தோட வேலை முடியுதுங்க. இருக்குன்னு எழுதித் தொலைங்களேன்."

"மூணாவது தடவையும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வேலை இல்லாத மனுஷனைப் பாத்து யாரும் சிரிக்கக்கூட மாட்டாங்க."

அவருக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லாமல் படுத்துவிட்டார்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். "என்னய்யா, ஏதாவது சிக்குச்சா? சிக்கியிருந்தா உன் வேலை நிரந்தரம்."

"ஒண்ணு வந்துச்சு சார். நம்ம ஆளுங்க கலந்த பொய்தான். கழிச்சிட்டு, ஒண்ணுமில்லைன்னு எழுதி இப்பத்தான் அனுப்பினேன்."

"அப்ப சரி. மாசக் கடைசியில மேஜையைக் காலி பண்ணிடு."

வேலை போனாலும் மானம் தப்பியதே என்று தரவுப் பிரிவுக்குப் போனார். அந்தப் பெண் நாற்காலியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் பொய்யைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டேன் பாத்தியா? ஆனா ஒண்ணு, இந்த மாதிரி அழகா நீ இதுவரைக்கும் செஞ்சதே இல்ல."

அவர் துணியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எங்க சார் செஞ்சேன்? பிரசவ லீவு முடிஞ்சு இன்னைக்குத்தானே வர்றேன், நாலு மாசமா இந்த சீட்டே காலி!"