சின்ன அறையும் பெரிய சப்வூஃபரும்

அளவெட்டி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி மார்க்கண்டு அவர்களுக்கு,

முத்துக்குமாரு உயிரோடிருந்து எழுதிக்கொள்வது. நான் சுகம். தாங்களும் குணலட்சுமி அம்மாவும் மாப்பிள்ளை கோபிசங்கரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். கடிதத்தில் 'நான் சுகம்' என்று எல்லாரும் எழுதுவதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போட மாலையோடு வந்த தங்களுக்கு அதை எழுதக் கை கூசுகிறது. அன்றிலிருந்து தங்கள் தொலைபேசி வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குவது நடக்குமா, இல்லையா என்று என் மகள் ஆரணி வாய் திறந்து கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். வெட்கத்தில் நான் படலையைத் தாண்டவில்லை. ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டில்தானே இருக்கப்போகிறார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "படம் பாக்கிறதெண்டால் நல்ல சத்தத்தோடை பாக்கோணும் மாமா" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதாதா? ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைத்தால் ஆள் திரும்ப இடமில்லாத எங்கள் சின்ன அறையை ஹோம் தியேட்டர் ஆக்குவதென்று முடிவெடுத்து யாழ்ப்பாணம் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் "ஐயா, அறை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். மாப்பிள்ளைக்குச் சின்ன அறைதான் கொடுக்கிறார்கள் என்று நாலு பேர் அறிய எப்படிச் சொல்வது? ஹோலையும் விறாந்தையையும் சேர்த்து ஒரு அளவு சொன்னேன். அவரும் அதற்கேற்ப முன்னுக்கு மூன்று, பின்னுக்கு இரண்டு ஸ்பீக்கரும், நெல்லுப் பெட்டகம் மாதிரி ஒரு சப்வூஃபரும் எடுத்து வைத்தார். அடித்தொனிக்கென்றே உள்ள பெட்டியாம் அது. "உதை மட்டும் மூலைக்குள்ளை வைக்காதேங்கோ ஐயா, கண்டபடி முழங்கும்" என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால், மூலையை விட்டால் அதை வைக்க வேறு இடமே இல்லை. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் என் காதுகளை முட்டிக்கொண்டு நின்றன.

ஞாயிறு பின்னேரம் என் மனைவி சிவகௌரி, கோயிலுக்கும் ஆரணி, சட்டை தைக்கிற இடத்துக்கும் போயிருந்தார்கள். போட்டுப் பார்க்க இதுதான் தருணமென்று நினைத்தேன். அயலுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, யன்னலுக்கு ஒரு மெத்தை, கதவுக்கு ஒரு மெத்தை சாத்தி, இடுக்கெல்லாம் சிவகௌரியின் சேலைகளை அடைத்தேன். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன அளவெட்டிக்காரன் வேறு எதைப் போடுவான்? நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். என் நெஞ்செலும்பு ஆடியது, சம்பந்தி. ஆனால் நாதஸ்வரம் மெத்தையோடு நின்றுவிட்டது என்பதும், தவிலின் அடி மட்டும் மூலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொம், தொம் என்று வெளியே போய்விட்டது என்பதும் உள்ளேயிருந்த எனக்கு எப்படித் தெரியும்? வாசிப்பில்லாமல் அடி மட்டும் கேட்டால் எங்கள் ஊரில் அது செத்தவீடுதான். நானோ மத்தியானச் சாப்பாட்டுக் களையில், அந்த முழக்கத்துக்குள்ளேயே கதிரையில் நித்திரையாகிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் ஊர் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். போன கிழமை நான் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, வெறும் வாய்வென்று திரும்பி வந்ததை அறிந்தவர். மேளம் கேட்டதும் அவருக்குத் துக்கத்துக்கு முன்னர் கோபம் வந்ததாம். "செயலாளர் நான் பக்கத்திலை இருக்க, ஒரு சொல்லுச் சொல்லாமல் மேளம் பிடிச்சிட்டினம்!" படலையைத் திறந்து எட்டிப் பார்க்க ரோசம் விடவில்லை. முதலில் உங்களுக்கும் பிறகு சங்கத்துக்கும் போன் அடித்திருக்கிறார். நீங்கள் பருத்தித்துறையிலிருந்து வான் பிடித்து வந்து சேர, எங்கள் வாசலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலிருந்து சங்கத்துக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அதற்குள் கச்சேரி முடிந்துவிட்டது. மேளகாரர் எங்கே என்று ஒருவராவது கேட்டாரா? தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தார்களாம். ஓடிவந்த சிவகௌரியும் ஆரணியும் மற்றவர்களும் அறைக் கதவைத் தட்டியது மெத்தைக்குப் பின்னால் நித்திரையிலிருந்த எனக்குக் கேட்கவில்லை. உடைக்கப் போனவர்களிடம் அவள், "உடையாதேங்கோ, கலியாணத்துக்கு அடிச்ச பெயின்ற், ஆசாரியைக் கூப்பிடுங்கோ" என்று அழுதாளாம். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள். அதைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மானக்கேடு. எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைத்த சத்தத்தில் நான் எழும்பிவிட்டேன். மெத்தையை விலக்கிக் காதை வைத்தால் குணலட்சுமி அம்மா, "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைப் பாராமல் போட்டியளே அண்ணை!" என்று கதறுகிறா. உடனே திறந்திருக்க வேண்டும். கை தாழ்ப்பாள் வரை போனது. அப்போதுதான் நீங்கள் கதைக்கத் தொடங்கினீர்கள். "மனுசன் கொஞ்சம் பெருமை அடிக்கும். ஆனா மனசிலை கள்ளமில்லை. எனக்குக் கூடப்பிறந்ததுகள் இல்லாத குறை இவராலைதான் தீந்தது" என்றீர்கள். உயிரோடிருக்கையில் என்னைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை, சம்பந்தி. இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று நின்றேன். வெளியே என் பிள்ளை அழுகிறாள். உள்ளே நான் என் புகழைக் கேட்டு அழுகிறேன். இதற்குக் கீழே ஒரு மனிதன் இறங்க முடியாது. ஆசாரி கதவை நெம்பித் திறக்க, மெத்தையும் நானும் ஒன்றாகச் சரிந்து உங்கள் காலடியில் விழுந்தோம். குணலட்சுமி அம்மா மயங்கிவிட்டா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், கையிலிருந்த மாலையைப் பார்த்தீர்கள், முகம் கறுத்து, வந்த வானிலேயே ஏறிப் போய்விட்டீர்கள்.

அந்த முகம் என்னை விடுகுதில்லை. என்மேல் கோபமென்றால் என்னோடு கதைக்க வேண்டாம். பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை காரியம் நடக்கட்டும். நான் வரக் கூடாதென்றால் உங்கள் படலைக்கு வெளியே நிற்கிறேன். அந்தப் பெட்டியையும் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கள் குடும்பத்தார் எல்லாருக்கும் நீண்ட ஆயுளை வேண்டி, அந்தச் சொல்லை எழுதவும் வெட்கப்பட்டு,

தலைகுனிந்து நிற்கும்
முத்துக்குமாரு.

பி.கு: இதை உறைக்குள் வைக்கப்போன நேரம் மாப்பிள்ளை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். தலை நிமிராமல், "மாமா, அப்பாவுக்குக் கோவமில்லை. உங்கடை முகத்திலை முழிக்க வெக்கப்பட்டுப் போனை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறார்" என்றார். ஏனப்பா என்றால், ஒரு தாளை எடுத்து விரித்தார். நிச்சயார்த்தப் படத்தில் சிரித்தபடி நான்; மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. வான் ஏறுமுன்னரே அச்சகத்துக்குச் சொல்லி, நெல்லியடியிலிருந்து தெல்லிப்பழை வரை மதிலுக்கு மதில் ஒட்டுவித்துவிட்டீர்களாமே! என்னை உயிரோடு கண்டதும் முகம் கறுத்தது அதற்கா? ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் இத்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்பியதாக எழுதியதும் பொய், மூலையில்தான் இருக்கிறது. பொன்னுருக்கு வெள்ளிக்கிழமையேதான். அதற்கு வருகிற சனம் வழியெல்லாம் மதிலில் என்னைப் பார்த்துக்கொண்டு வரக் கூடாது. கடிதத்தை மாப்பிள்ளையிடமே கொடுத்து விடுகிறேன். நாளைக்கு விடிய நீங்கள் நெல்லியடியிலிருந்து கிழித்துக்கொண்டு வாருங்கள், நான் தெல்லிப்பழையிலிருந்து கிழித்துக்கொண்டு வருகிறேன். அச்சுவேலிச் சந்தியில் சந்திப்போம்.