கப்பல் வழியில் குச்சிக்கிழங்கு

கடலைக் கண்டாலே எனக்குப் பயம். அலை வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ரகம். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வேலை, கடலுக்குள் காற்றாலைகள் வந்தால் மீன்பிடிப் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் கடலடி கேபிள்களுக்கும் என்ன இடைஞ்சல் என்று மதிப்பிடுவது. (அதுவும் கொல்லிமலையில், புகுந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு.)

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து, நான் நடத்த வேண்டிய முதல் வீடியோ கூட்டம். சொதப்பினால் 'பிள்ளை பெற்றதும் மூளை போய்விட்டது' என்பார்கள் என்று நானே முடிவு செய்து, அதற்கு அழுதும் முடித்திருந்தேன். மீனவர்களின் சந்தேகம் ஒன்றுதான்: காற்றாலைகளுக்கு நடுவே வலையோடு படகு போக இடம் இருக்குமா? வரைபடம் அனுப்பினால், "கோடு போட்டா ஆச்சாம்மா?" என்றார்கள்.

எனக்குள் இருந்த நல்ல மாணவி விழித்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் உழுது போட்டிருந்த காட்டில், நடுவதற்காக வெட்டி வைத்திருந்த குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) குச்சிகளை அளவு பார்த்து ஊன்றினேன். குச்சிதான் காற்றாலை. கயிறு கேபிள். மகளின் செருப்பு படகு. நடுவே அகலமாகக் கப்பல் வழி. திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டு, அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன்.

மீனவர் சங்கம், துறைமுகம், கேபிள் கம்பெனி, என் மேலதிகாரி என்று எல்லோரும் திரையில் வர, கூட்டம் ஆரம்பித்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "நேரிலேயே பாருங்க" என்று பெருமையாகப் போனைத் திருப்பினேன்.

மீனவர் சங்கத் தலைவர் கேட்டார்: "ஏம்மா, கப்பல் வழி எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கப்பல் வழி முழுக்கக் காற்றாலை. கேபிள் மேலேயே ஒன்று. குனிந்து இன்னொன்றை நட்டுக்கொண்டிருந்தார் என் மாமியார்.

"அத்தை! என்னங்க பண்றீங்க?"

"நீ ரொம்ப எட்ட எட்ட நட்டுருக்கறயே கண்ணு! இத்தனை எடத்தைச் சும்மா உட்டா களைதான் மொளைக்கும். படிச்ச புள்ள, ஒரு வார்த்தை கேட்டுட்டு நட்டிருக்கக் கூடாதா சாமி?"

"இதுக்குத்தாம்மா நாங்க பயப்படுறோம்!" தலைவர் கத்தினார். "இன்னைக்கு எடம் இருக்கும்பீங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து, சும்மாதானே கெடக்குன்னு நட்டுட்டுப் போவாரு!"

துறைமுகத்துக்காரர் சிரித்தார். கேபிள் கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. என் மேலதிகாரியின் முகம் அப்படியே உறைந்து நின்றது. (நெட்வொர்க்தான் என்று இன்றுவரை நம்புகிறேன்.)

வேலை போகவில்லை. தலைவர் விடாப்பிடியாக நின்றதில், மீனவர்களைக் கேட்காமல் இடைவெளியில் எதையும் கூடுதலாக நடக்கூடாது என்று அறிக்கையில் ஒரு நிபந்தனை ஏறியது. அலுவலகத்தில் அதற்கு 'அத்தை நிபந்தனை' என்றே பெயர்.

அந்தக் குச்சிகளைப் பிடுங்க அத்தை விடவே இல்லை. வீட்டில் கிழங்கு வெந்தால், வருகிற விருந்தாளியிடமெல்லாம் கணவர் சொல்கிறார்: "கப்பல் வழியில வெளஞ்சதுங்க. உப்பே போட வேண்டியதில்ல."

எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் சமையலறைக்குப் போய், உப்புப் போட்டேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.