நாலாம் மாடியும் நற்கிரியையும்

இரட்சிப்பு என்றால் என்னவென்று இந்தப் பூமியில் பிழையறப் புரிந்துகொண்டவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் முதல் நூற்றாண்டிலேயே காலமாகிவிட்டார். மற்றவர் லிஃப்ட் மெக்கானிக்.

வாரத்தில் ஆறு நாள் அவர் கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் மேலும் கீழும் ஓட வைப்பார். ஏழாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபையில் வேத வகுப்பு எடுப்பார். இரண்டுக்கும் ஒரே இரும்புப் பெட்டிதான். ஸ்பேனர்களுக்கு மேலே பைபிள் இருக்கும். வகுப்பின் பாடம் பதினொரு வருடமாக மாறவில்லை: மனிதன் கிருபையால் பிழைக்கிறான், கிரியையால் அல்ல. நல்லது செய்து மோட்சம் போய்விடலாம் என்று நினைப்பவன், கயிறு அறுந்த லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்துகிறவன். இதைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. அன்று முதல் படியேறிப் போகப் பழகியவர்களும் உண்டு.

சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்று அவரைப் பற்றி யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. கிரியையால் பயனில்லை என்று சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஒரு நற்கிரியையும் செய்தது கிடையாது. வீட்டில் மனைவி ஒற்றை ஆளாக பீரோவை நகர்த்தியபோது, கண்ணை மூடி அவளுக்காக ஜெபித்தார். பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பாத காரைக் கொஞ்சம் தள்ளிவிடச் சொன்னபோது, அந்த மனிதரின் ஆத்துமாவைப் பற்றி வெகுநேரம் கவலைப்பட்டார். "ஒரு உதவி" என்று யாராவது வாயெடுத்தாலே இரண்டடி தள்ளி நிற்பார். ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

இப்பேர்ப்பட்டவருக்குச் சோதனை அக்கா உருவத்தில் வந்தது.

அக்கா ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். கீழே மூன்று மாடிகளிலும் பல் டாக்டர், தையல் கூடம், காப்பீட்டு அலுவலகம். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. தடி இருந்தால் வீட்டுக்குள் நடப்பாள். படி என்றால் முடியாது. அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏழு மாதமாக ஒரு கோளாறு. மூன்றாம் மாடி வரை பிரமாதமாகப் போகும். நாலை அழுத்தினால், நாலாம் மாடிக்கு ஓராள் உயரம் கீழேயே நின்றுவிடும். அதன் பிறகு மேலேயும் போகாது, கீழேயும் வராது. வாட்ச்மேன் மொட்டை மாடிக்குப் போய், மோட்டார் அறையைத் திறந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் இதைத் தீவிரமாக ஆராய்ந்து உடனடி நடவடிக்கை எடுத்தார். "மூன்றாம் மாடி வரை மட்டும்" என்று எழுதி ஒட்டினார்.

கோளாறு என்னவென்று மெக்கானிக்குக்குப் பார்த்த அன்றைக்கே தெரியும். லிஃப்ட் கூரையில் போய் முட்டாமல் தடுக்க உச்சியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் பிடித்திருந்த தகடு தளர்ந்து கீழே நழுவிவிட்டது. மேலே ஏற்றி முடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது. வேலைச் சீட்டு வராது. சீட்டு வந்து செய்தால் அது கடமை. சீட்டு இல்லாமல், சும்மா, அக்காவுக்காகச் செய்தால்? பச்சையான நற்கிரியை. போதாததற்கு, செய்து முடித்ததும் மனதுக்குச் சந்தோஷமாக வேறு இருக்கும். சந்தோஷம் வந்தால் பெருமை வரும், பெருமை வந்தால் கிருபை போகும். ஒரு சுவிட்சுக்காக நித்திய ஜீவனைப் பணயம் வைக்க அவர் என்ன விவரமில்லாதவரா?

அதற்காக அக்காவை அவர் கைவிட்டுவிடவில்லை. ஞாயிறுதோறும் மூன்றாம் மாடி வரை லிஃப்டில் போய், மிச்சத்தைப் படியேறி, அவளுக்கென்று தனி வகுப்பு எடுத்தார். அக்காவின் ஜன்னலில் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் தெரியும். ஏழு மாதமாக அவள் பார்த்த உலகம் அதுதான். அம்மா போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். "அதையெல்லாம் நம்பிக்கிட்டு இருக்காதே அக்கா, மோட்சத்துல செல்லாது" என்று அன்போடு எச்சரித்தும் வைத்திருந்தார்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசை. சபை ஆண்டு விழாவில் தம்பி முதல் முறையாகப் பெரிய மேடையில் பேசப் போகிறான்; முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த லிஃப்டை ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு தடவை கேட்டாள்.

மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். மரம் பழுக்கிறது. யாராவது சொல்லியா பழுக்கிறது? விசுவாசிக்குள்ளிருந்து நற்கிரியையும் அப்படித்தான் தானாகக் கனிய வேண்டும். ஒருவர் கேட்டு, அதற்காகச் செய்தால் அது கனியே அல்ல. இப்போது அவள் கேட்டுத் தொலைத்துவிட்டதால், இனி மறுபடியும் பூவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கனிக்கு இடைஞ்சல் வேண்டாமென்று அக்கா அப்புறம் வாயே திறக்கவில்லை.

சபையின் போதகர் சாதுவான மனிதர். கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக்கை ஓரமாக அழைத்துப் போனார்.

"அக்காவைப் பார்த்துட்டு வந்தேன். அந்த லிஃப்டை நீங்களே ஒரு கை பார்த்துடலாமே?"

"நீங்க சொல்லி நான் செஞ்சா, உங்களுக்குக் கீழ்ப்படிஞ்சதாத்தானே ஐயா ஆகும்? மேலேருந்து உத்தரவு வரட்டும். அடுத்த நிமிஷம் செய்றேன்."

"மேலேருந்துதான் கூப்பிடுறாங்க. நாலாம் மாடிலேருந்து."

மெக்கானிக் மன்னித்துப் புன்னகை செய்தார். போதகர் பாவம், இறையியல் படித்தது நாலே வருடம்.

விழா நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பேச்சு. அதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிக்கொண்டு போக மெக்கானிக் மத்தியானமே வந்தார். ஞாயிறு என்பதால் அலுவலகங்கள் பூட்டியிருந்தன. கையில் பெட்டி, வாயில் பேச்சு. "மனிதனுடைய முயற்சியெல்லாம் வீண்" என்ற இடத்தில் குரலை ஏற்றுவதா இறக்குவதா என்ற யோசனையில், மூன்றை அழுத்த வேண்டிய விரல் நாலை அழுத்திவிட்டது.

லிஃப்ட் தன் வழக்கத்தை அவருக்காக மாற்றிக்கொள்ளவில்லை.

கூண்டின் உச்சியில் ஓர் அடி இடைவெளியில்தான் நாலாம் மாடித் தரை தெரிந்தது. பெட்டியின் மேல் ஏறி நின்றால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். வெளியே வர முடியாது. சுவிட்ச் அவருடைய தலைக்கு மேலே, கூண்டுக்கு வெளியே, எட்டாத உயரத்தில் இருந்தது. அவருடைய கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு அக்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவளிடமும் கைபேசி இருந்தது. அதில் பதிந்திருந்தது ஒரே ஓர் எண், அது அவருடையது. மோட்டார் அறைச் சாவி கீழே வாட்ச்மேனிடம். வாட்ச்மேனுக்குக் காது மந்தம். பக்கத்தில் ரேடியோ வேறு அலறிக்கொண்டிருந்தது.

பெட்டியின் மேல் நின்ற மெக்கானிக்குக்குக் கண்ணெதிரே அக்காவின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"யாராவது கீழே போய்ச் சொல்லணும் அக்கா."

"நான்தானே இருக்கேன்."

"அதான், நீதான் எப்படியாவது..."

"கேட்டுட்டியே தம்பி. கேட்டுச் செஞ்சா அது கனி இல்லைன்னியே."

பதினொரு வருடம் சொல்லாததையெல்லாம் மெக்கானிக் அடுத்த ஐந்து நிமிடத்தில் சொன்னார். கையும் காலும் அசையாத விசுவாசம் ஒரு விசுவாசமா என்று கேட்டார். பசித்தவனுக்கு ஆசீர்வாதத்தை மட்டும் கொடுத்தனுப்பினால் அவன் வயிறு நிறையுமா என்றார். அன்பு என்பது வாய்ப்பேச்சா, கஷ்டப்படுகிறவனை எட்டி நின்று பார்ப்பவன் கடவுள் முகத்தில் எப்படி விழிப்பான் என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். அவர் செய்ததிலேயே சிறந்த பிரசங்கம் அதுதான். கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள் என்பது சபையின் துரதிருஷ்டம். அவளும் பாதியில் கிளம்பிப் போய்விட்டாள், அவரைக் காப்பாற்ற.

மொத்தம் எண்பது படி. அக்கா முதல் படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து அடுத்த படிக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். ஒவ்வொரு படிக்கும் தடி "டொக்" என்று விழுந்தது, அவள் "அப்பா" என்று மூச்சு விட்டாள். கூண்டுக்குள் அது துல்லியமாகக் கேட்டது. மெக்கானிக்குக்குக் கேட்கக் கேட்க வலித்தது. பொய்யில்லை, உண்மையாகவே வலித்தது. ஆனால் அக்கா இரண்டாம் மாடியைத் தாண்டுவதற்குள் அந்த வலி, மேடையில் சொல்ல அருமையான ஒரு சாட்சியாக உருமாறிவிட்டது. முதல் மாடியில் அதற்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து வாட்ச்மேன் சக்கரத்தைச் சுற்றி அவரை இறக்கினார். அக்கா கீழே வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்து, புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டக்கூட மறந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு பார்க்கும் தெரு. விழாவுக்குப் போகும் வழியில் போதகரின் கார் வந்தது. அதில் இருவரும் ஏறிக்கொண்டார்கள்.

முன் வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்க, மெக்கானிக் மேடையில் முழங்கினார். "டாக்டருங்க கைவிட்ட முழங்கால். ஏழு மாசம் படியில் பாதம் படாத என் அக்கா, இன்னைக்கு நாலு மாடி இறங்கி வந்திருக்காங்க. யாருடைய முயற்சி? யாருடைய கிரியை? ஒண்ணுமே இல்லை. விசுவாசம்." கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அக்காவின் முழங்கால்கள் புடவைக்குள் வீங்கிக்கொண்டிருந்ததால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

இருட்டுவதற்குள் போதகர் அவர்களைக் கட்டட வாசலில் கொண்டுவந்து விட்டார். அக்கா படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். போதகரும் அவரைப் பார்த்தார். வாட்ச்மேன் மோட்டார் அறைச் சாவியை நீட்டிக்கொண்டு நின்றார். ஊரே கை தட்டிய அற்புதத்தை எண்பது படிக்கு முன்னால் திரும்ப ஒரு தடவை நடத்திக் காட்டு என்றால், யாருக்குமே சங்கடம்தான். மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்.

வாட்ச்மேனின் ரேடியோவில் இரண்டு பாட்டு முடிந்து மூன்றாவது ஆரம்பிப்பதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிட்டது. உள்ளே மெக்கானிக். அவர் பயந்தபடியே முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சுது. இனிமே நாலு வரைக்கும் போகும்."

"என்ன பண்ணினே?"

"ரெண்டு ஸ்குரூ அக்கா. முடுக்கிவிட்டேன்."

"இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

மெக்கானிக் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தடியை ஊன்றி எழுந்து, லிஃப்டை நோக்கி மெதுவாக நடந்தாள். அவர் வெளியே வந்து, பெரிய மனதோடு அவளுக்கு வழிவிட்டார். அவள் உள்ளே போய், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கம்பிக் கதவை அவர் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்தினாள்.

"நீ படியில வா தம்பி. என்னை இறக்கின விசுவாசம் உன்னை ஏத்தாமலா போயிடும்?"